நான்காம் பகுதி உன்னிடம் இருக்கிறது

பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்தே இதை எழுதுகிறேன். போனில் பேசினால் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு நம் இரண்டு பேருக்கும் பேச்சு முடிந்துவிடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் எழுதுவது எப்போதும் அம்மாவின் இலாகா. அவள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டு வரி இடம் விடுவாள், அதில் நான் ஏதாவது கிறுக்குவேன், அவ்வளவுதான் எனக்குப் பழக்கம். இப்போது முழுத்தாளும் என் தலையில் விழுந்திருக்கிறது, எழுத்து கோணிக்கொண்டு போனால் சிரிக்காதே.

வீட்டில் பெரிதாக விசேஷமில்லை. முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, லிஃப்டு ரிப்பேர் பார்க்கிறவன் எதற்கு மாடிப்படி ஏற வேண்டும் என்று கேட்பாய், லிஃப்டு ஓடாதபோதுதானே என்னைக் கூப்பிடுகிறார்கள். வாசல் மணி செத்துப்போய்க் கிடக்கிறது, ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட்டிக் காட்டுகிறவர் வீட்டில் மணி அடிக்கவில்லையே என்று மேல்வீட்டுப் பல் டாக்டர் கேலி செய்கிறார். ஏதோ ஒரு கம்பி விட்டிருக்கும், சின்ன வேலைதான், எனக்குத்தான் கை போகவில்லை. சின்னவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை ஷிப்டுக்குப் பொறுப்பாளராக ஆக்கியிருக்கிறார்கள், அதனால் வீட்டிலும் என்னை அதட்டப் பழகிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, அடுத்த மாதக் கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு வீட்டிலேயே சாப்பாடு, ஆள் கூட்டம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையை நீ போட்டோவில் பார்த்திருப்பாய், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர், வந்தால் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விடுவார், குடித்த டம்ளரைத் தானே கழுவி வைப்பார், பேச்சு மட்டும் எண்ணி எண்ணித்தான் வரும். எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உன்னைக் கூப்பிடுவது பற்றி அவள் வாயே திறக்கவில்லை, நீயும் என்றைக்கு, எங்கே என்று கேட்கவில்லை, பிடிவாதத்தில் ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவர்கள் இல்லை. கூப்பிடாமல் எப்படி வருவது என்று நீ இருப்பாய், வர மனமிருந்தால் கேட்டிருப்பாளே என்று அவள் இருப்பாள், நடுவில் நான் சுவர் மாதிரி நிற்கிறேன்.

பிடித்துத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன் என்று எழுதினேனே, அதைச் சொல்ல வேண்டும். அம்மா போனதிலிருந்து எனக்கு எதுவும் சரியாகத் தெரிவதில்லை. பசிக்கிறதா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள், ஸ்ட்ரெச்சர் போகிற லிஃப்டில் கதவு மூடிமூடித் திறக்கிறதாம். அம்மாவைக் கடைசியாக மேலே கொண்டுபோன அதே லிஃப்டுதான். போனேன், கேபினுக்குள் நின்று கதவு சென்சாரைத் துணியால் துடைத்தேன், தூசிதான் காரணம், வேறொன்றுமில்லை, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் நின்று டீ குடித்தேன். கூட வந்தவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துக்கமாக இருந்தால்கூட இது துக்கம் என்று இருந்துவிடலாம், ஒன்றுமே தோன்றாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன் தங்கையிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன், நீ தூரத்தில் இருப்பதால் சொல்ல முடிகிறதோ என்னவோ.

மெஷின் அறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம், முன்பெல்லாம் அந்த நேரத்தில் அம்மா போன் செய்வாள். சரி, எதையாவது படிப்போம் என்று அவள் அலமாரியைத் திறந்தேன். அந்தத் தடிப் புத்தகம் நினைவிருக்கிறதா, அக்கா தங்கை காதல் கல்யாணம் என்று போகிற பழைய நாவல், தலையணை கனம் இருக்கும். அம்மாவும் நீங்கள் இரண்டு பேருமாக நான் முதலில் நீ முதலில் என்று மல்லுக்கட்டி, கடைசியில் அம்மாவே பிளேடை எடுத்து நாலாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு படம் போட்ட காலண்டர் தாளில் அட்டை போட்டாளே, மலை, குதிரை, கடல், பாலம் என்று. அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் புத்தகத்துக்குப் பெயரே போய்விட்டது. மலையை முடிச்சிட்டேன் குதிரையைக் குடு என்பாய் நீ, குதிரை இன்னும் அம்மாகிட்ட இருக்கு என்பாள் சின்னவள், வீட்டுக்கு வந்தவர்கள் நமக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நான் அப்போது ஒரு பக்கமும் படித்தவனில்லை. அலமாரியில் மலை, குதிரை, கடல் மூன்றும் இருந்தன, நான் கடல் படம் போட்டதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன், கடல்தான் முதலில் இருந்தது, அதனால் அதுதான் முதல் பகுதி என்று நினைத்துக்கொண்டேன்.

படித்தேன், ஒரு வாரம் போல ஆயிற்று. கதையில் ஆட்கள் நிறையப் பேசுகிறார்கள், நிறைய நடக்கிறார்கள், யாரும் வேலைக்குப் போகிற மாதிரி தெரியவில்லை. எடுத்த எடுப்பிலேயே அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. தங்கையைக் கட்டிக்கப் போகிறவன் ஒரு நிலம் அளக்கிறவன், அவன் முதலில் அக்காவைத்தான் கேட்டானாம், அக்கா பதிலே சொல்லவில்லையாம், இப்போது தங்கைக்கு நிச்சயமானதும் ஊரை விட்டே போய்விட்டாளாம். என்ன திமிர் இவளுக்கு என்று எனக்குத் தோன்றியது. ராத்திரிச் சாப்பாட்டில் சின்னவளிடம், என்ன கதை இது, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, எதற்குச் சண்டை என்று சொல்லாமலே ஆரம்பிக்கிறானே என்றேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அப்பா, நீங்க எந்தப் படத்த எடுத்தீங்க என்றாள். கடல் என்றேன். ஐயோ அப்பா, அது மூணாவது, பக்க நம்பரயாவது பாத்திருக்கக் கூடாதா, தளத்துக்குத் தளம் நம்பர் பாக்கிறவருதானே நீங்க என்று சொல்லிச் சிரித்தாள், புரையேறும்வரை சிரித்தாள். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி உள் அறைப் பக்கம் திரும்பினாள், அப்படியே நின்றுவிட்டாள், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒழுங்காக மலையையும் குதிரையையும் படித்தேன். மலையில் அந்த இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் தூங்குகிறவர்கள், ஒருத்தி தலைமுடியை ஒருத்தி பின்னுகிறவர்கள். குதிரையில்தான் விஷயமே இருக்கிறது, அவர்கள் அப்பா படுத்த படுக்கையாகிறார், அக்கா பதில் சொல்லாமல் இருந்தது திமிரினால் இல்லை, அவளுக்கு அந்த நேரத்தில் தூங்கவே நேரமில்லை. கடலை முதலில் படித்த எனக்கு அது தெரியவில்லை, கதையில் வருகிற தங்கைக்கும் தெரியவில்லை. கதையை வீட்டோடு பொருத்தாதீங்கப்பா என்று நீ சொல்வாய், நான் பொருத்தவில்லை, ஆனால் நம் சின்னவள் பார்த்தது ஆஸ்பத்திரியைத்தான். அம்மா கதவையே பார்த்துக்கொண்டு, பெரியவ ஏறிட்டாளா என்று கேட்டதை அவள் கேட்டாள். பனியில் விமானம் கிளம்பாமல் அங்கே நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. அம்மா போன பிறகு நீ வந்து சேர்ந்தபோது, இத்தனை வருஷமா வராதவளுக்கு அன்னைக்குத்தான் பனி பெஞ்சுச்சா என்று அவள் வாசலில் நின்று கேட்டது தப்புதான். நீ பதில் சொல்லாமல் உள்ளே போனதும், இருந்த நாட்களெல்லாம் அவளோடு பேசாமலே திரும்பிப் போனதும் அவளுக்கு வலித்தது.

இனி சொல்லப் போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள், நான் மேஜையில் உட்கார்ந்து கடலை இரண்டாம் முறை முடித்தேன். அம்மா அத்தியாயம் பார்த்து வெட்டவில்லை, கனம் பார்த்து வெட்டியிருக்கிறாள். தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்கா வந்து வாசலில் நின்று மணியை அடித்துவிட்டு, என்று பாதி வரியில் நிற்கிறது. நாலாவது பகுதி, அந்தப் பாலம் எங்கே என்று கேட்டேன். அவள் சீவுவதை நிறுத்தாமல், அது அவகிட்ட, வெளிநாடு போறப்ப வழியில படிக்கன்னு எடுத்துட்டுப் போனா, திரும்பி வரல, அம்மா போன்ல, கதைய சொல்லிடாதடி, நீ கொண்டு வா, படிச்சுக்கிறேன்னே சொல்லிட்டிருந்தாங்க, முடிவு தெரியாமலே போய்ட்டாங்க என்றாள். குரலில் சூடு இருந்தது. நான், கொண்டுதானே வந்தாள் என்றேன். யார் என்றாள். உன் அக்காதான், வந்த அன்று துண்டு எடுக்க நடு அறையில் பையைத் திறந்தாள், துணிக்கெல்லாம் மேலே பாலம் படம் போட்ட அட்டை இருந்தது, நான் பார்த்தேன், உடனே அதைத் துணிக்கு அடியில் தள்ளிவிட்டாள், திரும்பிப் போகும்போது அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நெசமாவாப்பா, அம்மாக்குப் படிச்சுக் காட்டவா கொண்டு வந்தா என்று கேட்டாள். வேறு யாருக்கு என்றேன். துணிக்கு மேலே வைத்துக்கொண்டு வருகிறவள் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகிற எண்ணத்தில்தான் வந்திருப்பாள். சின்னவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா போன பிறகு அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். நான் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், எனக்கு அழுகை வரவில்லை, ஆனால் கையை எடுக்கவும் தோன்றவில்லை, கிழங்கெல்லாம் கறுத்துப்போகும்வரை நின்றேன். கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு, அவள வரச் சொல்லுங்கப்பா, பாலத்தக் கையில கொண்டு வரணும், தபால்ல வந்தா நான் வாங்க மாட்டேன் என்றாள். நீயே போனில் சொல்லேன் என்றேன். எனக்கு வாய் வராது என்றாள்.

ஆகவே நான் சொல்கிறேன், வா. கையெழுத்துக்கு முன்னால் சில நாள் இருக்கிற மாதிரி லீவு கேள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நீ உட்கார், அவளும் நானும் கீழே உட்காருகிறோம், கடைசிப் பகுதியை வாய்விட்டுப் படி. எனக்கு அதில் ஏதாவது தோன்றும் என்று இப்போது சொல்ல முடியாது. தோன்றாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கதவை யார் திறந்தார்கள் என்று நம் வீட்டில் உனக்கு மட்டும்தான் தெரியும், போனில் சொல்லிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே, டிக்கெட் போட்டதும் நாளையும் நேரத்தையும் சொல். எங்கே இருந்தாலும் நீ குறையில்லாமல் நிறைவாக வாழ வேண்டும், உன் அம்மா இருந்தால் என்னென்ன சொல்லி வாழ்த்துவாளோ அத்தனையும் உனக்கு. கீழே இரண்டு வரி இடம் விட்டு இந்தத் தாளைச் சின்னவள் மேஜையில் வைக்கப் போகிறேன், எழுதினால் எழுதட்டும், இல்லாவிட்டால் வெற்றிடமாகவே வரும், தப்பாக நினைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

அக்கா, வாசல் மணி அடிக்காது, கதவத் தட்டு. நான் வீட்லதான் இருப்பேன்.