கூடத்துப் படத்தில் இருக்கும் மீன்

நீங்கள் குறட்டையில் இருந்ததால் எழுப்பவில்லை. தோழிகளோடு நடுக்கடல் பாறைப் பக்கம் தூண்டில் போடக் கிளம்பிவிட்டேன். கடைசியாகப் போனபோது நீங்களும் ஒட்டிக்கொண்டு வந்தீர்களே, அதற்கப்புறம் ஒன்பது வருடம் கழித்து இன்றுதான். "மேனேஜர் மத்தியானம் சாப்பிட வர்ற அன்னிக்கா கடல் கேக்குது?" என்று இரவெல்லாம் முறைத்தீர்கள். சமையல் முடிந்தது, சூடாக்கினால் போதும்.

அவர் கூடத்தில் மாட்டியிருக்கும், அந்தப் பயணத்தில் மீனோடு எடுத்த உங்கள் படத்தைப் பார்ப்பார். அந்த மீனோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதாக ஆபீஸ் முழுக்க அளந்திருக்கிறீர்கள். பிடித்தது நான். நீங்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். இதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மணிக்கு எல்லோரும் மீனோடு இங்கேதான் வருகிறோம். படம் எடுத்தவளும் உண்டு, அவள் வாய் சும்மா இருக்காது. அதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஓரத்தில் ஒன்று: படத்துக்காக அத்தனை கனத்தையும் தூக்கி நின்றது நீங்கள்தான். அதற்கு நான் சாட்சி சொல்கிறேன்.