பனி என்று எழுதினால் யார் வருவார்கள்

இன்று காலை மடிக்கணினியைத் திறந்து தேடுபெட்டியில் 'ஊ' என்று ஒரு எழுத்துத்தான் தட்டினேன். உன்னுடைய பழைய தேடல்கள் வரிசையாக இறங்கி வந்து நின்றன. 'ஊட்டி ஏறும்போது பிள்ளைக்கு காது அடைக்குமா.' 'ஊட்டி குளிருக்கு கைப்பிள்ளைக்கு எத்தனை சட்டை.' 'ஊட்டி பஸ்ஸில் பிள்ளை வாந்தி.' எல்லாம் நம் கடையின் கூகுள் கணக்கில் நீ உட்கார்ந்து தட்டியவை. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இந்தப் பெட்டிக்கு அது தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அழிக்கவா என்று கேட்பதுபோல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. நான் அதைத் தொடவில்லை. மகன் கஞ்சிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். துடைத்துவிட்டு வந்து, கடைக்குக் கட்டுரை எழுத வேண்டிய நேரத்தில் உனக்கு எழுதுகிறேன்.

மஞ்சூர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வரிசையில்தான் நீ எனக்குக் கிடைத்தாய். உன் வீட்டுக்காரருக்கு வேலை மாற்றலாகி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நீங்கள் மலையேறி வந்த புதிது. உன் மகளுக்கு மூன்று சட்டை, அதற்கு மேல் ஒரு துண்டு, அதற்கும் மேல் உன் முந்தானை. நான் மகனை மடியில் போட்டுக்கொண்டு போனில் தட்டிக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்துவிட்டாய்.

"ஏட்டி, 'ஊசி போட்ட இடம் கல்லு மாதிரி இருந்தா என்ன செய்ய'ன்னு தேடுதியே. இன்னும் ஊசியே போடலியே!"

"போட்டதுக்கப்புறம் தேட நேரம் இருக்காதுங்க."

வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய். "ஒம் பயத்த வச்சே ஒரு கடை நடத்தலாம்."

கடை ஏற்கெனவே இருந்தது. ஆள்தான் வரவில்லை. பக்கத்து எமரால்டு ஊரில் ஒரு அக்கா பின்னித் தரும் குழந்தைக் குல்லா, ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாவற்றையும் அழகாகப் படம் எடுத்து இணையதளத்தில் போட்டிருந்தேன். வலைப்பூ எழுதினால் கூகுள் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும் என்று எங்கோ படித்து, வாரம் ஒரு கட்டுரையும் எழுதினேன். ஒவ்வொன்றும் 'மலைகளின் அரசியான நீலகிரி' என்று தொடங்கும். உன்னிடம் பெருமையாகக் காட்டினேன். மூன்றாவது பத்தியில் போனைத் திருப்பித் தந்துவிட்டாய்.

"பிள்ள அழுதுக்கிட்டு கெடக்கும்போது எவ வரலாறு படிப்பா? மொத வரியில பதிலச் சொல்லு. அரசிய பொறவு கும்பிட்டுக்கலாம்."

அதோடு விட்டாயா? படங்கள் பெரிது, மஞ்சூர் பஸ்ஸில் சிக்னல் போய்ப் போய் வரும்போதும் பக்கம் திறக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சுருக்க வைத்தாய். தலைப்பு எழுதும் முன்னால் நான் என்ன எழுதப் போகிறேன் என்று கேட்க மாட்டாய். "இத யாரு தட்டுவா, எப்படித் தட்டுவா?" என்றுதான் கேட்பாய். பிறகு நீயே, கீழே சமவெளியில் வேர்த்துக்கொண்டு, ஊட்டிக்குக் கிளம்பப் பையை அடுக்குகிற ஒரு அம்மாவாக மாறித் தட்டிக் காட்டுவாய். உனக்கு அது நடிப்பே இல்லை. சில மாதங்களுக்கு முன்பு வரை நீ அந்த அம்மாதான். நான் இங்கேயே பிறந்தவள். குளிரைப் பற்றி என்ன கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும். என் பயத்தை நீ உன் ஊர்ப் பேச்சில் கேள்வியாக்கினாய். கேள்விகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அந்தப் பனிக் கட்டுரை. 'ஊட்டியில் பனி விழும் மாதங்கள்: குழந்தைக்கு என்ன உடை?' உன்னைக் கேட்காமல் நானே எழுதிப் போட்டது. ஒரே மாதத்தில் கூகுளின் முதல் பக்கம்! நம் தளத்துக்கு அத்தனை பேர் வந்ததே இல்லை. நான் மகனைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ டீ போட்டுக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு பேரு என்னத்துக்கு வாராவ?" என்றாய். பொறாமை என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

அடுத்த வாரம் அந்த போன். தெற்கிலிருந்து குடும்பமாக வந்தவர், ஊட்டியில் ஒரு புல்வெளி நடுவில் நின்றுகொண்டு கத்தினார். நம்மிடம் இருப்பதிலேயே கனமான உடையை இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கியிருந்தார்.

"பனி எங்கம்மா? வெயிலு மண்டையப் பொளக்குது. பிள்ளைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு!"

"காலையில நேரமே பார்த்திருக்கணுங்க. புல்லு மேலே..."

"புல்லு ஈரமா இருந்துச்சு. எங்க ஊருலயும் புல்லு ஈரமாத்தான் இருக்கும். இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?"

அவர் வாங்கிய உடைகள் திரும்பி வந்தன. அவரைப் போல இன்னும் பலர் திருப்பினார்கள். நான் அழுதபடி உன் முன்னால் உட்கார்ந்தேன். நீ திரும்பி வந்த குல்லா ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, அது உச்சியில் மட்டும் தொத்திக்கொண்டு நிற்க, வெகு தீவிரமாகக் கேட்டாய்.

"எங்கூருல பனின்னா மார்கழி காலையில தல நனையிதது. சினிமாவுல பனின்னா வெள்ள வெளேர்னு கொட்டுதது. நீ சொல்லுத பனி எதுட்டி?"

"காலையில புல்லு மேல உப்பு தூவுன மாதிரி நிக்குமே. தேயிலைக் கொழுந்தைக் கருக்கிடுமே. வெயில் பட்டா காணாமப் போயிருமே, அது."

"அத எழுது."

"அப்படி எழுதினா முதல் பக்கத்துல நிக்காது."

"நிக்காட்டிப் போவுது. சினிமா பனியத் தேடி வாரவன் ஒங்கிட்ட என்ன வாங்குவான்? அவன் வந்து வைஞ்சிட்டுப் போறதுக்கு நாம ஏன் தலைப்பு வைக்கணும்?"

எங்களுக்கு அது பனி. வேறு சொல் தேவைப்பட்டதே இல்லை. செய்தித்தாளில் 'உறைபனி' என்று போடுவதைப் படித்திருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. இந்த மலையில் பிறந்தவள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும் என்று நீதான் சொன்னாய். தலைப்பை மாற்றினோம்: 'ஊட்டியில் சினிமாப் பனி கொட்டாது, உறைபனிக் காலத்தில் குழந்தைக்கு இவ்வளவு உடை போதும்.' கூட்டம் பாதிக்கும் கீழே போனது. திருப்பி அனுப்புவது நின்றது. வாங்கியவர்களே அக்கா தங்கைகளுக்குச் சொன்னார்கள்.

பிறகு உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வார்டில்கூட, "பழைய கட்டுரைய எல்லாம் ஒருக்க திருத்தினியா?" என்று கேட்டாய். அதற்கு மேல் அந்த நாட்களை எழுதப் போவதில்லை. உன் மகளைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்காரர் ஊருக்கே போய்விட்டார்.

நான் சில மாதம் எதையும் எழுதவில்லை. அதற்குள் வேறு தளங்கள் 'ஊட்டியில் ஸ்னோ' என்று எங்கேயோ எடுத்த வெள்ளைப் படங்களைப் போட்டு நமக்கு மேலே ஏறிவிட்டன. ஆர்டர் குறைந்தது. போன வாரம் எமரால்டு அக்கா போன் செய்தார். "ஏனுங்க, இந்த சீசனுக்கு நூல் வாங்கட்டுங்களா, வேண்டாமுங்களா? வேண்டாம்னா நான் கேரட் தோட்டத்து வேலைக்குச் சொல்லிப்போடறேன்." கேட்டதில் கோபமில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் போனது. அவர் தோட்டத்துக்குப் போய்விட்டால் கடை முடிந்தது. நானும் மகனை விட்டுவிட்டுக் கீழே ஏதாவது கம்பெனியில் வேலை தேட வேண்டும்.

கோவையில் விளம்பர வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் கேட்டேன். தளத்தைப் பார்த்து, தலைப்பை மாற்றிய கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க பழைய தலைப்பு தங்கமுங்க மேடம். அதையே திரும்பப் போட்டு, 'பனிமழை'ன்னு ஒரே ஒரு வார்த்தை சேருங்க. பத்து நாள்ல மேல வந்துருவீங்க."

"பனிமழை இங்க பெய்யாதுங்களே."

"உள்ள வந்து படிச்சா தெரிஞ்சுக்குவாங்க. வரவைக்கிறதுதானுங்க மேடம் நம்ம வேலை."

அவர் சொன்னது பொய்யில்லை; ஆட்கள் வருவார்கள். நேற்று மதியம் மகன் தூங்கும்போது அந்தச் சொல்லைத் தலைப்பில் தட்டியும் பார்த்தேன். என் பயத்துக்கு அது நல்ல மருந்தாகத் தெரிந்தது. ஆனால் தட்டியதும் என் கண் முன்னால் ஒரு பிள்ளை வந்தது, நடு வெயிலில் கனமான கம்பளிக்குள் வேர்த்துக்கொண்டு. அழித்துவிட்டேன்.

எமரால்டு அக்காவைக் கூப்பிட்டு நூல் வாங்கச் சொன்னேன். கனமான நூல் வேண்டாம், மெல்லியதே போதும், ஒன்றின் மேல் ஒன்று போட்டுக் கழற்றுகிற மாதிரி என்றேன். "வித்துருமுங்களா?" என்றார். "விக்குங்க்கா," என்றேன். என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம். பிறகு வேலையில் இறங்கினேன். பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பதில்களை மேலே ஏற்றி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி வைத்து, அரசியைக் கடைசிக்கு அனுப்பினேன். மெதுவாகத்தான் ஏறும். ஏறும் என்று தெரியும்.

உன் காது என்னிடம் இல்லை என்பதுதான் கவலையாக இருந்தது. சமவெளி அம்மா என்ன கேட்பாள் என்று இனி யார் எனக்குத் தட்டிக் காட்டுவது?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு போன் வந்தது. இராமநாதபுரம் பக்கத்துப் பெண். குல்லாவின் அளவு கேட்கத்தான் கூப்பிட்டார். கேட்டுவிட்டு, வைக்காமல் தயங்கினார்.

"சிரிக்காதீங்க. ஊட்டியில பிள்ளைய குளிப்பாட்டலாமா?"

எனக்கு இது தோன்றியே இருக்காது. தினமும் தலைக்கு ஊற்றிப் பழகிய ஊர்க்காரிக்குத்தான் தோன்றும். நான் சிரிக்கவில்லை. அவரிடம் பதில் சொல்லிவிட்டு, அவர் கேட்டதை அப்படியே தலைப்பாகப் போட்டேன். 'குழந்தையை நீராட்டுதல்' என்று திருத்தப் போன கையை இழுத்துக்கொண்டேன். முதல் வரியையும் எழுதிவிட்டேன்: குளிப்பாட்டலாம், மத்தியானம், வெயில் ஜன்னலுக்குள் வந்த பிறகு.