கொழும்பு கொம்பியூட்டருக்குப் பாஸ்வேர்ட்

ஏங்க,

நீங்க அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. நாவுல டவுன் கிளினிக்குக்கு வேலைக்குப் போக ஆறரை பஸ்ஸைப் பிடிக்கணும்.

வீட்டிலிருந்தே ஆபீஸ் கொம்பியூட்டர்ல வேலை செய்யலாம்னு உங்க மனேஜர் சொல்லியும் நேத்து பூரா கனெக்ட் ஆகலையே, அது நம்ம லைன் கோளாறு இல்லையாம். இப்பதான் உங்க ஆபீஸ்ல வேலை செய்ற மதலேனா வீட்டுக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். அங்க உங்க பேருக்குப் பாஸ்வேர்டே போடலையாம். அது இல்லாட்டி வெளியிலிருந்து உள்ளே விடாதாம். எட்டரைக்கு ஆபீஸ் போனதும் ஒண்ணு போட்டுட்டு உங்களுக்குச் சொல்லுவா. அதுவரைக்கும் இன்டர்நெட் போடாதீங்க, ரெண்டுக்கும் ஒரே லைன், அவ எடுத்தாக் கிடைக்காது. கனெக்ட் ஆனாலும் ஆபீஸ் கொம்பியூட்டர் படம் இங்க மெதுவாத்தான் வரும், கோவத்துல மவுஸைத் தட்டாதீங்க.

சோறும் பருப்பும் மூடி வச்சிருக்கேன். சம்பல்ல உப்புக் குறைவு. கதவை உள்ளே பூட்டிக்குங்க, சாவி ரேடியோ மேல இருக்கு.

நேத்து நான் கத்தினது தப்புதான். "இது சரிவராது, திங்கக்கிழமை கொழும்புக்கே போறேன்"னு நீங்க சொன்னதும் எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சு. கொழும்பு செக்பொயிண்ட்ல பொலிஸ் உங்களைப் பிடிச்சுப் பதினோரு நாள் வச்சிருந்தப்ப ஸ்டேசன் ஸ்டேசனா அலைஞ்சவ நான். இன்னொரு தடவை அலையத் தெம்பு இல்லைங்க.

அஞ்சலா

கனெக்ட் ஆச்சுன்னா கிளினிக்குக்கு ஒரு கோல் எடுங்க.

ஆகாட்டியும் எடுங்க. வேலை போச்சேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நீங்க வீட்டுல இருக்கீங்கன்னு தெரிஞ்சாப் போதும்.