வெயில்காலத்து விருந்தாளி

ஏப்பா சர்ஃபராசு, அஸ்ஸலாமு அலைக்கும். நீ, நிலோஃபர், புள்ளை ஷிரின் எல்லாரும் சொகமா? புள்ளைக்கு இருமல் விட்டுச்சா? ஏசிக்கு நேரா படுக்கப் போடாதீங்கன்னு அங்க இருந்தப்பவே சொன்னேன். இங்க ரங்கூன்ல நாங்க ரெண்டு பேரும் அல்லா காவல்ல இருக்கோம். மழை விட்டபாடில்லை, க்யிம்யிண்டைங்ல நம்ம கயித்துக் கடைக்குள்ள மறுபடி தண்ணி ஏறிடுச்சு, கட்டுங்களையெல்லாம் மேல தூக்கி அடுக்கிட்டு நானும் அது மேலயே உக்காந்து யாவாரம் பாக்குறேன். கரண்டு வரும், போகும். உம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வத்திருச்சு, இப்ப மாடிப்படி ஏறுறா. அதனாலதான் இந்தக் கடுதாசியே. போன்ல சொல்லலாம்னா அவ ஸ்பீக்கரைப் போட்டுட்டு பக்கத்துலயே உக்காந்திருக்கா. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், ஓதுற பள்ளியில படிச்ச எழுத்து, தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க. அப்துல் பாரி அடுத்த வாரம் துபாய் வர்றான், அவன் கையில கொடுத்து விடுறேன்.

போன வாரம் போன்ல, உம்மாவும் வரட்டும், வர்ற ஜூலையில டிக்கட் போடுறேன்னு சொன்னே பாரு, அன்னைலேர்ந்து அவ கால் தரையில நிக்கலை. தாமுவே ஏரியா பஜாருக்குப் போயி ரெண்டு புது லோஞ்சிக் கைலி எடுத்துட்டா. எனக்குத்தான் சோறு எறங்கலை. ஏன்னு கேளு.

நான் வந்தது ஒரு ஜூலைதானே. நம்ம ஊருல ஜூலைன்னா குடை இல்லாம வாசப்படி எறங்க முடியுமா, அந்தப் பழக்கத்துல குடையைக் கையிலயே புடிச்சுக்கிட்டு வந்து எறங்குனேன். ஏர்போட்டுல ஒருத்தன் என்னையும் குடையையும் பாத்துச் சிரிச்சான். வெளிய வந்ததும் அடுப்படிக் கதவைத் தொறந்த மாதிரி மூஞ்சில அடிச்சுச்சு. குளிக்கப் போனா பச்சத்தண்ணிக் குழாய்ல சுடுதண்ணி வருது. நிலோஃபர்தான், மாமா, ஹீட்டரை அமத்தி வச்சிருக்கோம், சுடுதண்ணிக் குழாயைத் தொறங்க, அதுலதான் பச்சத்தண்ணி வரும்னு சொல்லிக் கொடுத்துச்சு. இதை நான் படகுத்துறையில சொன்னா படகுக்காரனுங்க நம்ப மாட்டேங்குறானுங்க. தலைகீழான ஊருன்னு சிரிக்கிறானுங்க. நானும் சேந்து சிரிச்சு வைக்கிறேன்.

நீ எங்க கூட்டிட்டுப் போனாலும் பூட்டிக் கெடந்துச்சு. அந்த வெளக்குச் சந்தை வாசல்ல நின்னு, இது குளிர்காலத்துலதான் தொறப்பாங்க வாப்பான்னே. மணல் மேட்டுக்கு, குளிர்காலத்துலதான் வாப்பான்னே. கடலு கஞ்சித்தண்ணி மாதிரி கொதிச்சுக் கெடந்துச்சு, கரையில ஒரு ஆளு இல்லை. சரி, டிக்கட் மலிவா கெடைக்கிற காலம், புள்ளை சம்பாத்தியம் மிச்சமாகட்டும்னுதான் நெனைச்சேன். ஆனா உன் வீட்டு ஹால்ல போட்டோ மாட்டியிருக்கியே. சம்பந்தியும் சம்பந்தி அம்மாவும் மணல் மேட்டுல, சம்பந்தி வெளக்குச் சந்தையில, உன் சேக்காளிங்க குடும்பத்தோட சுத்தி நிக்க சம்பந்தி படகுல. போன ஜனவரியாம். ஷிரின்தான் ஒவ்வொண்ணா வெரலை வச்சுக் காட்டுச்சு. அப்பவும் நான் ஒண்ணும் நெனைக்கலைப்பா. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நெனைக்கலை.

ஜும்மா முடிஞ்சு உன் ஆபீஸ் சேக்காளி ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். நான் லோஞ்சி கட்டிக்கிட்டு, வாயில வெத்தலையோட சோபாவுல உக்காந்திருந்தேன். பெரியவரு யாருன்னு கேட்டான். ஊர்லேர்ந்து வந்திருக்காங்கன்னே. அவன், இங்க என்ன வேலைக்கு வந்திருக்காருன்னு திருப்பிக் கேட்டான். நீ டீயைக் கலக்குனே. கலக்கிக்கிட்டே இருந்தே. வாப்பாங்குற வார்த்தைக்கு அவ்வளவு நேரம் கலக்கணுமா? அவன் போகையில, நல்ல வேளை லீவுல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க, இல்லைன்னா உன் வீட்டுல இந்நேரம் கூட்டமாயிருக்கும்னு சொல்லிட்டுப் போனான். அப்பதான் எனக்கு ஜூலை எதுக்குன்னு வெளங்குச்சு. வெயிலு என்னைச் சுடலை சர்ஃபராசு.

பானை கதையையும் சொல்லிடுறேன். உங்க உம்மா வீங்குன காலோட த்வாண்டேக்குப் படகேறிப் போயி, பானைக்கார ஊ ச்சோவோட பேரம் பேசி, இருவது பானை தட்டிப் பாத்து ஒண்ணு எடுத்தா. பாலைவனத்துல எம்புள்ளை மண்பானைத் தண்ணி குடிக்கட்டும்னா. மூணு லோஞ்சியில சுத்தி, பிளேன்ல மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன். நீங்க ஃபிரிஜ் தண்ணிதான் குடிக்கிறீங்க, சரி. நம்ம ரங்கூன்ல எந்தத் தெருவுலயும் வாசல்ல தண்ணிப் பானை வைப்பாங்களே, பர்மாக்காரனும் வைப்பான் நம்மளும் வைப்போம், அந்த மாதிரி கீழ படியோரம் ஸ்டூலு போட்டு வச்சேன். சோத்துப் பொட்டணம் கொண்டாந்து கொடுக்குற பைக்குப் பசங்க குடிச்சாங்க. ஒரு வங்காளிப் பையன் குடிச்சிட்டு எங்கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். மறுநா பானையைக் காணோம். வாச்மேன்தான் சொன்னான், நீங்க இருக்குற வீட்டுக்காரரே எடுக்கச் சொன்னாருன்னு. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துல கெடந்துச்சு, வாய் ஒடைஞ்சு. வைக்கக் கூடாது வாப்பா, ஃபைன் போடுவாங்கன்னே. இருக்கும். அரசாங்கம் வைக்கத்தான் கூடாதுன்னுச்சு, தூக்கி எறியவா சொல்லுச்சு? வீட்டுக்குள்ள ஒரு மூலை இல்லையா?

உம்மாகிட்ட நான் என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? பானை ஹால்லயே இருக்கு, வந்தவங்களுக்கெல்லாம் உம்புள்ளை அதுலேர்ந்துதான் மொண்டு கொடுக்குறான்னு. அவ அதை இந்தத் தெரு பூரா சொல்லிட்டா.

அதனால கேட்டுக்க. அவளைக் கூப்புடுறதா இருந்தா ஜனவரியில கூப்புடு. உன் சேக்காளிங்களை அழைச்சு, இது எங்க உம்மா, ரங்கூன்லேர்ந்து வந்திருக்காங்கன்னு அவங்க முன்னாடி வாய் தொறந்து சொல்லு. முடியாதுன்னா நீயே அவளுக்குப் போன் போட்டு, லீவு இல்லைன்னு ஏதாவது சொல்லிடு. நான் பட்டது என்னோட போகட்டும், அவளை அந்த சோபாவுல உக்கார வச்சிறாதே. நான் வர மாட்டேன். அதுல கோவமில்லை, எனக்குக் குடை விரிக்க மழை வேணும், அவ்வளவுதான்.

ஷிரினுக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்க, அது என்கிட்ட இங்கிலீஷ்லயே பேசுச்சு, பாவம், நான் தலையாட்டிட்டே இருந்தேன். நேரத்துக்குத் தொழு. அல்லா உன் கையில பரக்கத்தும் நெஞ்சுல ஈரமும் போடட்டும். படிச்சதும் இதைக் கிழிச்சுடு.

இப்படிக்கு உன் வாப்பா,
முத்து முகம்மது

இன்னொண்ணு. பதிலைக் கடையில இருக்குற போனுக்குப் போடு, வீட்டுக்கு வேணாம். இந்தா, கீழேர்ந்து கத்துறா உங்க உம்மா, ஊ ச்சோ பானை வண்டியோட வாசல்லயே வந்து நிக்கிறானாம், அந்தப் பானைக்கு சோடியா இன்னொண்ணு எடுக்கணுமாம், தட்டிப் பாக்க என்னை எறங்கி வரச் சொல்லுறா, நான் அவகிட்ட போயி எந்த மொகத்தோட தட்டிப் பாக்குறது?