ஜமீன் ரவிக்கையின் இடது தோள்

என்னங்க,

சென்னையிலேருந்து நீங்க வரைஞ்சு அனுப்புன படம் வந்துச்சு. ஜமீன் காலத்து ரவிக்கையும் சேலையும் வாட்டர்கலர்ல அப்படியே மினுங்குது. அந்த அரக்குத் துணி பெரம்பலூர்ல கிடைக்கல. அரியலூர் போய் வாங்கியாந்து தைச்சு முடிச்சுட்டேன்.

கண்காட்சியில கண்ணாடிக்குள்ள நிக்கிற பொம்மைக்குத்தான்னு ஃபோன்ல சொன்னீங்க. யாரையும் பாத்து வரையல, மனசுலேருந்து வரைஞ்சதுன்னும் சொன்னீங்க. நான் கேக்கவே இல்ல. நீங்களாத்தான் சொன்னீங்க.

படத்துல நிக்கிறவ காதோரம் பென்சில்ல ஒத்தை முடி பறக்குது. பொம்மைக்கு எதுக்குங்க அது? கல்யாணமாகிப் பதினோரு வருசத்துல என்னைய ஒரு தடவை வரைஞ்சிருப்பீங்களா?

சரி, அதை விடுங்க. பாப்பாவுக்குச் சளி தேவலாம்.

படத்துல இடது தோளு வலதை விட அரை இஞ்ச் எறக்கமா இருக்கு. தெனம் பத்துப் பேருக்கு அளவெடுக்கிறவ நான். மனசுலேருந்து வரையிற பொம்பளைக்கு ரெண்டு தோளும் சமமாத்தான் இருக்கும். பையை மாட்டி மாட்டி ஒரு பக்கம் எறங்கிப் போறதெல்லாம் உசுருள்ளவளுக்குத்தான்.

அதனால படத்துல உள்ளபடி தைக்கல. ரெண்டு தோளையும் சமமா வெட்டித் தைச்சிருக்கேன். பொம்மைக்குக் கச்சிதமா இருக்கும். இடது பக்கம் நழுவுது, பிரிச்சுத் தைக்கணும்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா, டேப்பை எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுல நானே வரேன்.

இப்படிக்கு,
பெரம்பலூர் வூட்ல மிஷின் மிதிக்கிறவ