சிப்பிக் கத்தியால் வெட்டிய மாத்திரை

கனடாவில் இருக்கும் அன்பு மகள் பொராமுக்குக் கொரியாவிலிருந்து அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிறதும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும், இங்கே நானும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ போன் செய்தபோது குளித்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசு என்று வைத்தேனே, அன்றைக்கு நான் குளிக்கவில்லை, ஆம்புலன்ஸில் படுத்திருந்தேன். கொட்டகையில் சிப்பி உரித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்து, கை மரத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. உன் அப்பா போன வழியில் நானும் போகிறேன் என்று ஊரைக் கூட்டிவிட்டேன். ரப்பர் ஏப்ரனும் முழங்கால் பூட்ஸுமாக அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள், கூட வந்த ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டே என் நாடியைப் பிடித்தான். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு இதயத்துக்கு ஒன்றும் இல்லை, பயம்தான், வீட்டுக்குப் போங்க என்றார்கள். அதே கோலத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை, சௌகரியமாக இருந்தது.

இதையெல்லாம் போனில் சொன்னால் நான் சிரித்துக்கொண்டே சொல்வேன், நீ அம்மா விளையாடாதே என்பாய், அதனால்தான் கடிதம். மூன்றாம் வகுப்பில் நின்ற கை, தப்பு இருந்தால் கண்டுகொள்ளாதே. உன் அப்பா கொட்டகை வாசலில் லாரிக்கு மூட்டை ஏற்றும்போதே சரிந்தார், அடுத்த மாதம் எனக்குப் படபடப்பு பிடித்தது, அப்போதிருந்த டாக்டர் காலை ஒன்று இரவு ஒன்று என்று வெள்ளை மாத்திரை கொடுத்தார், எட்டு வருஷம் முழுங்கினேன். இந்தச் சிப்பி சீசன் தொடங்கும்போது புதிதாக வந்த டாக்டர் பெண், உன் வயசுதான் இருக்கும், மறுபடி எல்லாம் பரிசோதித்துவிட்டு, உங்க இதயம் சுத்தமா இருக்கு, இந்த மாத்திரை இனி வேணாம், ஆனா பட்டுன்னு நிறுத்திடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், குறைக்கும்போது படபடக்கும், பயமா இருக்கும், வந்துட்டுப் போயிடும் என்றாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கு என்னவோ கசந்தது. இதயம் சுத்தம் என்றால் எட்டு வருஷமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் யார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

இப்போது உன்னிடம் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக்கடைக்காரர் மாத்திரையைப் பாதியாக வெட்டி வேளைக்கு ஒரு காகிதப் பையாகப் போட்டுத் தருகிறேன் என்றுதான் சொன்னார். நான்தான், நாப்பது வருஷமா கத்தி பிடிக்கிறேன், ஒரு மாத்திரைய வெட்ட உங்ககிட்ட வரணுமா, வீட்ல பழசே நிறைய கிடக்கு என்று வாயடித்துவிட்டு வந்தேன். சிப்பிக் கத்தி திறக்கிறதுக்குத்தான், வெட்டுகிறதுக்கு இல்லை. ஒன்று முக்காலாக வந்தது, ஒன்று காலாக வந்தது, சிலது மாவாகப் போனது. கைப்பழக்கம், அதையெல்லாம் சிப்பி மாதிரியே பெரிசு, நடுத்தரம், பொடி என்று மூன்று கிண்ணத்தில் தரம் பிரித்து வைத்தேன். மனசு நன்றாக இருந்த நாளில் பொடி, பயந்த நாளில் பெரிசு. ரொம்பப் பயந்த நாளில் இரண்டு பெரிசு. ஆம்புலன்ஸுக்குப் பிறகு டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள், கொண்டுவந்து காட்டுங்கள் என்றாள், மூன்று கிண்ணத்தையும் மேசையில் வைத்தேன். அவள் ஒவ்வொரு கிண்ணமாகத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம், அம்மா இது வைத்தியமா இல்ல மீன் சந்தையா, ஒரு நாள் ஏத்தி ஒரு நாள் இறக்கினா உடம்பு எதைத்தான் நம்பும், மறுபடி முதல்ல இருந்து தொடங்கணும், எட்டு வாரம் என்றாள். உனக்கு நாள் குறித்திருப்பது ஆறாவது வாரம்.

மாத்திரை முடிகிற தேதியை டாக்டர் தள்ளிவிட்டாள், பிரசவத்துக்கு வர முடியுமோ என்னவோ என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, தள்ளியது டாக்டர் இல்லை, நான். அதற்கு நீ சொன்னதையும் மறக்கவில்லை. பிள்ளை பெத்த வீட்ல நீ நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தா நான் யாரப் பாக்குறது, உன்னையா குழந்தையையா, நீ மாத்திரைய முடிச்சிட்டு அப்புறமா நிதானமா வா, இப்போதைக்கு அத்தை வராங்க என்றாய். ரெண்டு பேருக்கும் சேர்த்து டயப்பர் வாங்கிடு என்று நான் சொல்ல நீயும் சிரித்துவிட்டாய். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் இன்னும் கசக்கிறது. தப்பாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திறங்கியிருப்பேன். மகள் பிரசவத்துக்குத் தாய் போகாமல் சம்பந்தி போகிறாள் என்று இங்கே யாரிடம் சொல்ல. கொட்டகையில், கனடாவில் பனி அதிகம், விமானமே இறங்காதாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் நம்பவில்லை. சம்பந்தி சியோல்காரி, பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற கடல்பாசி சூப்பில் மாட்டிறைச்சி போட்டுத்தான் வைப்பாள், நம் பக்கத்து மட்டி ருசி வராது. இருந்தாலும் முகம் சுளிக்காமல் குடி, பால் சுரக்கும். அவளிடம் அம்மா கை மாதிரி இல்லை என்று சொல்லாதே, மனசுக்குள் சொல்லிக்கொள்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுத மாட்டேன், கொஞ்சம் கவலைப்படு. இப்போது மருந்துக்கடைக் காகிதப் பையில் இருப்பதைத்தான் சாப்பிடுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. படபடப்பு வந்தால் சூடான கஞ்சியை ஊதுகிற மாதிரி மூச்சை மெதுவாக விடச் சொல்லியிருக்கிறாள் டாக்டர். நான் ஊத ஆரம்பித்ததும் எதிர்ப் பலகையில் நிற்கிற ஓக்பூன் அக்கா, போதும்டி, சிப்பிக்குச் சளி பிடிச்சிடும் என்கிறாள். போன செவ்வாய்க்கிழமை நிற்காமல் அடித்தது, ஆம்புலன்ஸைக் கூப்பிடு அக்கா என்று கெஞ்சினேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து, சாவப்போறவளுக்கு இவ்வளவு கொழுப்பு இருக்காது, நான் பிடிச்சிருக்கேன், நீ ஊது என்றாள். அவளுடைய கூலியும் போய் என் கூலியும் போய் அரை மணி நேரம் நின்றோம். போய்விட்டது. போய்விடும் என்று இப்போது தெரிகிறது, ஆனால் வருகிற நேரத்தில் அது தெரிவதில்லை.

அந்தச் சூப்புக்குக் காய்ந்த பிரசவப் பாசி ஒரு கட்டு வாங்கிவிட்டேன், என் நீளம் இருக்கிறது, இதற்குப் பேரம் பேசக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு வாங்கினேன். மடிக்காமல் ஒடிக்காமல் வைத்துக்கொள், மடித்தால் பிரசவம் சிக்கலாகும். உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், குழந்தை உன் அப்பாவின் இதயத்தை விட்டுவிட்டு அவருடைய பெரிய, ராசியான காதை மட்டும் கொண்டு வரட்டும். குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. வலி வந்தால் முதலில் எனக்குச் சொல், எந்த நேரமானாலும் சரி, நான் ஊதிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
வராத உன் அம்மா, மால்சூன்

கடிதத்தை ஒட்டுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன், தபால் நிலையத்திலிருந்துதான் எழுதுகிறேன். பாசிக்கட்டு பெட்டிக்குள் போகாது, மடித்தால் போகும் என்றான் கவுண்டர்காரன். மடிக்க விடமாட்டேன் என்று சண்டை போட்டதில் இரண்டு பெட்டியை ஒன்றோடொன்று ஒட்டிக் கொடுத்தான். அதற்குள் எனக்குப் படபடப்பு வந்துவிட்டது, பக்கத்தில் தாழ்வாக ஒரு மேடை இருந்தது, அதில் உட்கார்ந்து ஊதினேன். அது பார்சல் எடை போடுகிற மேடையாம். அவன் முள்ளைப் பார்த்துவிட்டு, அறுபத்தி மூணு கிலோ, கனடாவுக்கு முப்பதுக்கு மேல எடுக்க மாட்டோம் என்றான். இறங்கிக்கொண்டேன்.