எந்தப் பக்கத்துக் கணக்கு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்று என்றால் நீ எங்கே கேட்கப்போகிறாய்!

கல்வி அலுவலகத்தில் நீ எழுதிய அறிக்கை எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியர் உரக்கப் படித்தார். அறிவுத்திறன் தேர்வில் மில் குடியிருப்புப் பிள்ளைகளின் சராசரி டவுன் பள்ளியைவிடக் குறைவாம். அது பிறவிக் குறையாம், பாடம் நடத்தி மாற்ற முடியாதாம். அதனால் இனி எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு கிடையாது. தையலும் வெல்டிங்கும்தான். "எழுதினது உங்க தம்பிதானே டீச்சர்?" என்று சக ஆசிரியை ஒருத்தி கேட்டேவிட்டாள்.

இங்கே ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளை வருடா வருடம் டவுன் பள்ளி உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொள்கிறதே, அவர்களை நீ எந்தப் பக்கம் சேர்த்தாய்? பாலாடையை எடுத்துக்கொண்டு, பால் தண்ணீராக இருக்கிறது என்று மாட்டைக் குறை சொல்கிறாயா?

என் பெண் எட்டாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். "மாமா எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். பிள்ளை எங்கே படிக்கிறதோ அந்தப் பள்ளிக் கணக்கில் வரும், அதுதான் இங்கே நடைமுறை. பள்ளி மாறியவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நானும் சொன்னேன். "வித்தியாசம் இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் மேலதிகாரி. கூட்டலில் பிழை இல்லை, அக்கா. 'பிறவி' என்ற சொல் என்னுடையதல்ல. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

நம் பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதே. டவுன் பள்ளியில் பேசிவிட்டேன், இடம் தருகிறார்கள். என் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும்.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

ஜூனில் பள்ளி திறக்கும் முன் பெண்ணைப் பஸ் ஏற்றிவிடுகிறேன். என் ரோஷத்துக்கு அவள் படிப்பைப் பலிகொடுக்க மனம் வரவில்லை. படிக்க உட்கார்ந்தால் சாப்பாட்டை மறந்துவிடுவாள், அதட்டித்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்த தேர்வில் அவளால் உங்கள் சராசரி கொஞ்சம் ஏறும், எங்களுடையது கொஞ்சம் இறங்கும். உன்னையும் ஐந்தாம் வகுப்பில் இப்படித்தான் இங்கிருந்து டவுன் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். உன் கணக்குப்படி நீயும் டவுன்காரன்தான்.

அவளோடு போட்டி போட்டுப் படிப்பாளே பக்கத்து வீட்டுப் பெண், அவள் தையலுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். "எனக்கு மாமா இல்லையே டீச்சர்" என்று சிரித்தாள்.

விடுமுறைக்கு என் பெண்ணைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று நீ கிளம்பாதே. நானே வந்து, உன் வீட்டு வாசலில் நின்றபடியே அழைத்துக்கொள்கிறேன்.

உன் மருமகளின் அம்மா